தண்ணீரை விலக்கி எண்ணெயை மட்டும் குடிக்கும் பஞ்சு: சிறு எண்ணெய்க் கசிவுகளைச் சுத்தம் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கொட்டிய கப்பல் எரிபொருள் எர்ணாவூர்ப் பாறைகளில் கருங்கூழாக வந்து அப்பியது. மீனவர்களும் கல்லூரி மாணவர்களும் வாளி வாளியாக அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோதும் அதே வாளி, அதே குவளைதான். இரண்டு முறையும் மக்கள் கேட்டது ஒன்றுதான்: எண்ணெயை உறிஞ்சும் பஞ்சு, துணி எதுவுமே கிடையாதா?

இருக்கிறது. தண்ணீரை ஒட்டவிடாமல் எண்ணெயை மட்டும் பிடிக்கும் பொருட்கள் பல உண்டு. அவற்றில் மிகச் சிறந்த ஒன்று நம் ஊர் மெத்தைக் கடையிலேயே கிடைக்கிறது. ஆனால் எல்லா எண்ணெய்க்கும் எல்லாப் பஞ்சும் பொருந்தாது. எர்ணாவூரில் அன்று வந்தது போன்ற தடித்த கூழுக்கு வாளியும் மண்வெட்டியும்தான் பெரும்பாலும் கைகொடுக்கும். எந்த எண்ணெய்க்கு எந்தப் பொருள், அதை எப்படிச் சோதிப்பது, எப்படித் தைப்பது, எங்கே போடுவது, பிறகு அந்த எண்ணெய்ப் பஞ்சை என்ன செய்வது என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். இது படகுத்துறையில் டீசல் கேன் கவிழ்வது, ஜெனரேட்டர் அறையிலிருந்து எண்ணெய் மழைநீர்க் கால்வாயில் இறங்குவது, ஒர்க்‌ஷாப் கழிவு குளத்தில் படலமாக மிதப்பது போன்ற சிறு கசிவுகளுக்கானது. கடலில் பெரிய கசிவு என்றால் இந்தியக் கடலோரக் காவல்படைதான் பொறுப்பு. 1554 என்ற எண்ணுக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பதே நல்லது.

பொருள் எப்படி வேலை செய்கிறது

இதைப் புரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியிருக்காது. தண்ணீரின் பரப்பு இழுவிசை, அதாவது துளியின் மேற்பரப்பைச் சுருக்கிப் பிடிக்கும் விசை, மீட்டருக்கு ஏறக்குறைய 72 மில்லிநியூட்டன். டீசல், என்ஜின் ஆயில் போன்றவற்றுக்கு 30-ஐ ஒட்டித்தான் இருக்கும். மெழுகு, பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் போன்ற பரப்புகள் எதையும் பலமாக இழுக்காதவை. அதனால் தண்ணீர் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு முத்தாக நிற்கிறது. எண்ணெய்க்கு அந்தப் பிடிப்பு இல்லாததால் அதே பரப்பில் பரவி, இழைகளின் இடுக்குகளுக்குள் ஊர்ந்து ஏறுகிறது.

துளியும் பரப்பும் சந்திக்கும் இடத்தில் உண்டாகும் தொடுகோணம் 90 பாகைக்கு மேல் இருந்தால் அந்தப் பரப்பு தண்ணீரை விலக்குவது என்பார்கள். 150-ஐத் தாண்டினால் மிகையாக விலக்குவது. தாமரை இலை இரண்டாவது வகை. மெழுகும், கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களும் சேர்ந்து செய்யும் வேலை அது. சேம்பு இலையிலும் இதைப் பார்க்கலாம். அதே இலையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை விட்டுப் பாருங்கள்: உருளாது, அப்படியே பரவி இலையை நனைத்துவிடும். நமக்கு வேண்டிய குணம் இதுதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மழைக்கோட்டுக்கும் ஷூவுக்கும் அடிக்கும் 'வாட்டர் ரிப்பெல்லென்ட்' ஸ்பிரேக்களில் ஃப்ளோரின் சேர்ந்த ரசாயனம் உள்ளவை எண்ணெயையும் சேர்த்தே விலக்கும். எண்ணெய் உறிஞ்ச அவை உதவாது. போதாக்குறைக்கு அந்த ரசாயனங்களில் பலவும் மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கிவிடுபவை. கசிவைச் சுத்தம் செய்யப் போய் அவற்றைத் தண்ணீரில் கலக்க வேண்டாம்.

முதல் படி: எண்ணெயைப் பாருங்கள்

பஞ்சை எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் தண்ணீரைப் பார்த்தாலே பாதி முடிவு எடுத்துவிடலாம். பெட்ரோல் வாசனை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். காய்ந்த பஞ்சும் அப்படித்தான். ஆட்களை விலக்கிவிட்டுத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுவது மட்டுமே உங்கள் வேலை. கச்சா எண்ணெயும் புதிதாகக் கொட்டியிருந்தால் இதே விதிதான்.

டீசல், மண்ணெண்ணெய், ஹைட்ராலிக் ஆயில், என்ஜின் ஆயில் என்றால் பஞ்சு வேலை செய்யும். ஃபர்னஸ் ஆயில், கப்பல் எரிபொருள் போன்ற தடித்தவை இழைகளுக்குள் இறங்காமல் வெளிப்புறத்தில் மட்டும் அப்பிக்கொள்ளும். பத்து கிலோ பஞ்சு போட்டால் உள்ளே பெரும்பகுதி உலர்ந்தபடியே குப்பைக்குப் போகும். எந்த வகை என்று தெரியாவிட்டால் ஒரு குச்சியை நனைத்துத் தூக்குங்கள். தண்ணீர் போலச் சொட்டினால் பஞ்சு. பாகு போல மெதுவாக இழுத்தால் பஞ்சு ஓரளவு உதவும். கூழாக ஒட்டி நின்றால் மண்வெட்டி.

அலையில் நெடுநேரம் அடிபட்ட எண்ணெய் தண்ணீரைத் தனக்குள் வாங்கிச் சாக்லேட் நிறக் கூழாகிவிடும். அதில் முக்கால் பங்குவரை தண்ணீராகவே இருக்கலாம். அதையும் பஞ்சு ஏற்காது. ஆகவே முதல் சில மணி நேரம்தான் பஞ்சுக்கு உரியது.

அடுத்து, எவ்வளவு எண்ணெய்? கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவுகள் வட கடல் நாடுகளின் பான் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. வெள்ளி போன்ற மினுக்கம் என்றால் படலத்தின் தடிமன் 0.04 முதல் 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வானவில் நிறம் என்றால் 0.3 முதல் 5 மைக்ரான். உலோகப் பளபளப்பு 5 முதல் 50. எண்ணெயின் சொந்த நிறமே தொடர்ச்சியாகத் தெரிந்தால் 200 மைக்ரானுக்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு லிட்டர் டீசல் மெல்லிய வானவில்லாகப் பரவினால் 3,300 சதுர மீட்டரை மூடிவிடும். முக்கால் ஏக்கருக்கு மேல்! பார்ப்பவருக்கு வயிறு கலங்கும்; ஆனால் அங்கே அள்ளுவதற்கு ஒன்றுமில்லை. வானவில்லைத் துரத்தாதீர்கள். நிறம் அடர்ந்து நிற்கும் மூலையைத் தேடுங்கள்.

இரண்டாம் படி: பொருளைத் தேர்ந்தெடுங்கள்

வைக்கோல், மரத்தூள், தேங்காய் நார், கரும்புத் தோகை என்று கையில் கிடைத்ததைப் போடுவது உலகம் முழுக்க நடக்கிறது. 2020-இல் மொரீஷியஸ் கரையில் வகாஷியோ கப்பல் தரைதட்டி ஏறக்குறைய 1,000 டன் எண்ணெய் கசிந்தபோது, மக்கள் கரும்புத் தோகையையும் வைக்கோலையும் துணிக்குழாய்களில் அடைத்துக் கடலில் விட்டார்கள். மிதப்பதற்காகப் பிளாஸ்டிக் பாட்டில்களையும் சேர்த்துக் கட்டினார்கள். காரணம் இல்லாமல் இல்லை: இவையெல்லாம் எண்ணெயோடு தண்ணீரையும் குடித்து மெல்ல மூழ்கும். வெட்டிய தலைமுடியும் அப்படியே. 2010-இல் மெக்சிகோ வளைகுடாக் கசிவுக்கு அமெரிக்கா முழுவதிலிருந்தும் முடி மூட்டை மூட்டையாக வந்தும், அது தண்ணீர் ஏறி மூழ்குகிறது என்று சொல்லி அதிகாரிகள் பயன்படுத்த மறுத்தார்கள்.

பொதுவாகச் சொன்னால், இப்படிப்பட்ட இயற்கைப் பொருட்கள் தம் எடையைப் போல 3 முதல் 15 மடங்கு எண்ணெயைப் பிடிக்கும். செயற்கை இழைகளில் சில 70 மடங்குவரை பிடிக்கும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை.

இந்தப் பொது விதியில் சேராத ஒரு இயற்கைப் பொருள்தான் இலவம் பஞ்சு. போடிநாயக்கனூர்ப் பக்கம் இன்றும் அதை வைத்து வியாபாரம் நடக்கிறது. ஒவ்வொரு இழையும் உள்ளே வெற்றுக் குழல், மேலே இயற்கை மெழுகுப் பூச்சு. மெழுகு தண்ணீரை நிறுத்திவிடும், எண்ணெய் குழலுக்குள்ளும் இழைகளுக்கிடையிலும் ஏறும். முன்பு உயிர்காப்பு மிதவை அங்கிகளில் இதையே அடைத்தார்கள் என்றால் தண்ணீரோடு அதற்கு எவ்வளவு பகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். தளர்வாக வைத்த இலவம் பஞ்சு டீசலைத் தன் எடையைப் போல 36 மடங்கும், என்ஜின் ஆயிலை 45 மடங்கும் பிடித்ததாக ஆய்வக அளவுகள் உண்டு.

சாதாரணப் பருத்திப் பஞ்சு? கொட்டை நீக்கியது, சலவைக்குப் போகாதது என்றால் அதிலும் மெழுகு இருக்கும். மிதக்கும், எண்ணெயைப் பிடிக்கும். மருந்துக்கடைப் பஞ்சு வேண்டவே வேண்டாம். மெழுகை நீக்கி வெளுத்து, தண்ணீரை நன்றாக உறிஞ்ச வேண்டும் என்றே தயாரித்தது அது.

காசு கொடுத்து வாங்குவதானால் பாலிபுரொப்பிலீன் பேட், ரோல், தலையணை என்று தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்பவர்களிடம் கிடைக்கும். வழக்கமாக வெள்ளை நிறம் எண்ணெய்க்கு மட்டும். சாம்பல் நிறம் தண்ணீர் உட்பட எல்லாவற்றுக்கும். சாம்பல் நிறத்தது ஒர்க்‌ஷாப் தரைக்கு நல்லது. தண்ணீரில் போட்டால் முதலில் தண்ணீரைத்தான் குடிக்கும். விலை குறைவு என்று அதை வாங்கிப் படகில் வைத்திருப்பவர்கள் நிறைய. பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு (தண்ணீர் 1 என்றால் இது 0.9) என்பதால் எண்ணெய் முழுதாக ஏறிய பிறகும் மிதக்கும் என்பது பெரிய வசதி.

ஆய்வகங்களில் இன்னும் பிரமாதமானவை இருக்கின்றன. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் 2017-இல் அறிவித்த ஓலியோ ஸ்பாஞ்ச், மெத்தை நுரை போன்ற பாலியூரிதேன் நுரையின் உள்பரப்பு முழுக்க எண்ணெயை இழுக்கும் மூலக்கூறுகளை ஒட்டவைத்தது. எடையைப் போல 90 மடங்குவரை பிடித்து, பிழிந்தபின் திரும்பவும் உழைக்கிறது. கரிமத்தால் ஆன, மிக இலேசான கிராஃபீன் ஏரோஜெல்கள் உறிஞ்சும் அளவில் இதையும் மிஞ்சும். ஆனால் அவை ஊர்த் துறைக்கு வரும்வரை காத்திருப்பது இலவு காத்த கிளி கதைதான். இலவே கையில் இருக்கும்போது எதற்கு?

மூன்றாம் படி: வாங்கியதைச் சோதியுங்கள்

இலவம் பஞ்சு என்று கொடுப்பதில் பழைய பருத்திக் கழிவு கலந்திருப்பது சகஜம். அதனால் சோதிக்காமல் எதையும் தைக்க உட்காராதீர்கள். தேவையானவை: சமையலறை எலக்ட்ரானிக் தராசு, மூடியுள்ள பெரிய கண்ணாடி பாட்டில், ஒரு வடிகட்டி, உயரமான கண்ணாடி டம்ளர், 300 மில்லி டீசல். கடலுக்கு என்றால் கடல்நீரிலேயே சோதியுங்கள். திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

முதலில் மிதப்புச் சோதனை. பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு கைப்பிடி பஞ்சைப் போட்டு, மூடிக் கால் மணி நேரம் குலுக்குங்கள். கை வலிக்கும், பரவாயில்லை, உறிஞ்சும் பொருட்களுக்கான அமெரிக்க ஏ.எஸ்.டி.எம். அமைப்பின் தரநிலையான எஃப் 726-உம் இப்படிக் குலுக்கிப் பார்க்கத்தான் சொல்கிறது. பிறகு இரவு முழுக்க அப்படியே விடுங்கள். நல்ல இலவம் பஞ்சு காலையில் மேலே வெளுப்பாக நிற்கும். கலப்படம் நனைந்து, சாம்பல் நிறமேறி, கீழே இறங்கியிருக்கும்.

அடுத்தது கொள்ளளவு. 5 கிராம் பஞ்சை வடிகட்டியில் தளர்வாக வைத்து டீசலில் 15 நிமிடம் முக்குங்கள். தூக்கி அரை நிமிடம் வடியவிட்டு எடை போடுங்கள். வடிகட்டியின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து 155 கிராம் என்றால், அதில் எண்ணெய் 150. ஐந்தால் வகுத்தால் 30 மடங்கு.

மூன்றாவது சோதனைதான் உண்மையைச் சொல்லும். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் 100 மில்லி டீசலை மிதக்கவிட்டு, பஞ்சால் முழுவதையும் எடுங்கள். அந்தப் பஞ்சைக் கையுறையோடு உயரமான டம்ளருக்குள் பிழிந்து பத்து நிமிடம் வையுங்கள். மேலே எண்ணெய், அடியில் தண்ணீர் எனப் பிரிந்து நிற்கும். அடியில் ஒரு விரற்கடைக்கு மேல் தண்ணீர் நின்றால் அந்தப் பஞ்சு உங்களுக்குத் தண்ணீரையும் சேர்த்துச் சுமக்கவைக்கும். வேறு மூட்டையைப் பாருங்கள்.

களத்தில் அலை உண்டு, காற்று உண்டு, எண்ணெய்ப் படலம் மெல்லியது. ஆகவே சோதனையில் வந்த எண்ணில் பாதியை மட்டுமே திட்டத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

சமையல் எண்ணெயில் சோதித்தால் கூடுதல் கவனம் வேண்டும். சூரியகாந்தி, ஆளிவிதை போன்ற எண்ணெய்கள் பஞ்சில் பரவி நின்றால் காற்றோடு வினைபுரிந்து தானாகவே சூடேறும். ஆளிவிதை எண்ணெய்த் துணிகள் தாமே தீப்பிடித்த சம்பவங்கள் தச்சுப் பட்டறைகளில் பழைய செய்தி. சோதனை முடிந்ததும் குவித்துப் போடாமல் மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள்.

நான்காம் படி: தலையணையும் தடுப்பும் தைப்பது

உதிரிப் பஞ்சைத் தண்ணீரில் தூவவே கூடாது. போடுவது ஒரு நிமிடம்; திரும்ப எடுப்பது ஒரு வாரம். எடுக்க முடியாத பஞ்சு எண்ணெயைச் சுமந்துகொண்டு நாணல் புதரிலும் அலையாத்தி வேரிலும் போய்ச் சிக்கும். கசிவைவிட மோசமான வேலை அது. எல்லாம் பைக்குள், பை கயிற்றில்.

பைக்கு என்ன துணி? பலரும் பருத்தித் துணியில் தைக்கிறார்கள். துணி தண்ணீரில் நனைந்ததும் இழைகளுக்கிடையில் தண்ணீர்த் திரை ஒன்று உருவாகி எண்ணெயை உள்ளே விடாது. உள்ளே பஞ்சு வறண்டு கிடக்கும், வெளியே எண்ணெய் மிதந்துகொண்டிருக்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்ட, துணி போலத் தோன்றும் கேரி பேக்குகள் வீட்டில் எங்காவது மடித்துக் கிடக்குமே, அவை பாலிபுரொப்பிலீன். தண்ணீரை விலக்கி எண்ணெயை விடும். இந்த வேலைக்கு அவை அருமையான உறை. மேலே பலத்துக்கு வெங்காயச் சாக்கின் வலையையோ பழைய மீன்வலையையோ சுற்றிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பஞ்சு அடைப்பது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கை தானாகத் தலையணைக்கு அடைப்பது போல இறுக்கும். ஆய்வக அளவு ஒன்றைப் பாருங்கள். ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு 20 கிராம் இலவம் பஞ்சு என்று தளர்வாக அடைத்தால், டீசல் 36 மடங்கு, அதாவது 720 கிராம் ஏறுகிறது. அதே இடத்தில் 90 கிராம் திணித்தால் பிடிப்பு 8 மடங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. மொத்தம் ஏறுவது 710 கிராம். நாலரை மடங்கு பஞ்சைச் செலவழித்தும் எண்ணெய் அதே அளவுதான்! எண்ணெய் உட்காருவது இழைகளின் இடையிலுள்ள வெற்றிடத்தில். அந்த வெற்றிடத்தைத் திணித்து நிரப்புவானேன்? ரொம்பவும் தளர்ந்தாலும் தொல்லை உண்டு, தூக்கும்போது எண்ணெய் வடிந்துவிடும். லிட்டருக்கு 20 முதல் 25 கிராம் என்பது சரியான அளவு.

30-க்கு 45 சென்டிமீட்டர் அளவில், சராசரியாக 5 சென்டிமீட்டர் தடிமனில் ஒரு தலையணை என்றால் கொள்ளளவு ஏழு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அதற்கு 135 முதல் 170 கிராம் பஞ்சு. பாதிக் கணக்கில் ஒரு தலையணைக்கு ஏறக்குறைய 3 லிட்டர் டீசல். 20 லிட்டர் கேன் முழுதாகக் கவிழ்ந்தால் ஏழு தலையணை வேண்டும், கையிருப்பாக இன்னும் மூன்று. மெத்தைக்குப் போடுவது போல ஒரு சாண் இடைவெளியில் குறுக்குத் தையல் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் அலையிலேயே பஞ்சு எல்லாம் ஒரு மூலைக்குப் போய்ச் சேரும். தைக்கும்போது முகக்கவசம் கட்டாயம், இலவம் தூசி மூக்கை விடாது. ஒவ்வொரு தலையணையிலும் நைலான் கயிற்றுக் கொக்கி ஒன்று.

நீளத் தடுப்பு தைப்பதானால் ஒரு சாண் விட்டத்தில், இரண்டு மூன்று மீட்டர் துண்டுகளாகத் தையுங்கள். நடுவே நீளவாக்கில் கயிறு ஓடட்டும், இழுவையைத் தாங்குவது அதுதான். இணைக்கும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஒரு முழமாவது ஏறியிருக்க வேண்டும். அந்த இடைவெளி வழியாகத்தான் எண்ணெய் முதலில் தப்பும். இன்னொன்று: பஞ்சுத் தடுப்புக்கு நீருக்கடியில் தொங்கும் பாவாடை கிடையாது. ஆகவே அது உறிஞ்சுமே தவிர, தடித்த படலத்தை நிறுத்தாது. முன்னால் ஒரு மரப்பலகையோ மூங்கில் மிதவையோ தடுத்து நிற்க, பின்னால் நழுவி வருவதைப் பிடிப்பது இதன் வேலை.

ஐந்தாம் படி: போடும் இடம்

எண்ணெய் நீரோட்டத்தின் முழு வேகத்தோடும் காற்றின் வேகத்தில் ஏறக்குறைய 3 சதவீதத்தோடும் நகரும். 20 கிலோமீட்டர் காற்று வீசினால், அசையாத துறைநீரில்கூட மணிக்கு 600 மீட்டர் போய்விடும். எனவே கொட்டிய இடத்தில் தேடாதீர்கள்; காற்று தள்ளும் பக்கத்தில் உள்ள மூலையில், படகுகளின் இடுக்கில், படித்துறை ஓரத்தில் அது குவிந்திருக்கும். தலையணைகளை அங்கே படலத்தின் மேல் படுக்கவைத்து, அவ்வப்போது புரட்டிவிடுங்கள்.

கால்வாய் என்றால் முதலில் வேகத்தைப் பார்க்க வேண்டும். ஓர் இலையை மிதக்கவிடுங்கள். மூன்று நொடியில் ஒரு மீட்டருக்கு மேல் போனால், குறுக்கே நேராகக் கட்டிய எந்தத் தடுப்புக்கும் அடியில் எண்ணெய் நழுவிவிடும். அப்போது தடுப்பைச் சாய்வாகக் கட்டி, எண்ணெயை ஒரு கரை ஓரமாக ஒதுக்கி, அங்கே தலையணைகளை வையுங்கள். கழிமுகத்தில் ஓதம் ஏறும்போது ஓட்டம் திரும்பும் என்பதால் இரண்டு பக்கமும் கட்ட வேண்டியிருக்கும்.

சோப்பு, டிடர்ஜென்ட் பக்கமே போகாதீர்கள். சோப்பு பட்டால் பஞ்சின் தண்ணீர் விலக்கும் குணம் கெட்டு அது நனைந்து மூழ்கும். எண்ணெயும் சிறு துளிகளாக உடைந்து மீனுக்கும் நண்டுக்கும் போய்ச் சேரும். 1967-இல் டோரி கேன்யன் கப்பல் இங்கிலாந்துக் கரையில் உடைந்தபோது ஏறக்குறைய 10,000 டன் டிடர்ஜென்ட்களைக் கொட்டினார்கள். பல இடங்களில் பாறை உயிரினங்களுக்கு எண்ணெயைவிட அதுவே அதிகக் கேடு செய்தது.

சரி, தடித்த எண்ணெய்க்கு வேறு வழியே இல்லையா? ஒன்று இருக்கிறது. பாலிபுரொப்பிலீன் நாடாக்களைக் குஞ்சம் போலக் கட்டிக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். அதில் எண்ணெய் உள்ளே இறங்க வேண்டியதில்லை, நாடாவில் ஒட்டிக்கொண்டால் போதும். பழைய பாலிபுரொப்பிலீன் கயிற்றைப் பிரித்துக் கட்டினால் ஏறக்குறைய அதே பலன். பாறை இடுக்குகளுக்கும் பாலத் தூண்களுக்கும் நன்றாகப் பொருந்தும். ஆனால் அலையாத்திக் காட்டுக்குள் எதையும் இழுத்துச் செல்லாதீர்கள். ஒருமுறை மிதித்தாலே எண்ணெய் சேற்றுக்குள் இறங்கிவிடும். வெளியே வாய்க்கால் முகத்தில் கட்டிவிட்டு, ஓதம் கொண்டுவந்து தருவதை வாங்கிக்கொள்ளுங்கள்.

கையுறை நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் வகையாக இருக்கட்டும். வெறுங்கையோடு இறங்குவது வீரமல்ல. தோலில் ஒட்டியதை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காமல், தேங்காய் எண்ணெய் தேய்த்து இளக்கி, பிறகு சோப்பால் கழுவுங்கள்.

ஆறாம் படி: எடுப்பது, பிழிவது

தலையணை முழுக்க நிறமேறியதும் எடுத்துவிட வேண்டும். இரவு முழுக்க விட்டால் அலை அதைக் கசக்கி எண்ணெயைத் திரும்பக் கொடுக்கும். தூக்கும்போது அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பை நீட்டுங்கள். டீசல் போன்ற இளகிய எண்ணெய் முதல் சில நொடிகளில்தான் அதிகம் சொட்டும். கொக்கியில் தொங்கவிடாமல் படுக்கை வாக்கில் தூக்கினால் பாதிச் சொட்டல் குறையும்.

எண்ணெய் இளகியதாக, சேறு கலக்காமல் இருந்தால் பிழிந்து மீண்டும் போடலாம். டிரம் மேல் இரண்டு பலகைகளுக்கிடையில் வைத்து அழுத்துவதே போதும். முறுக்கிப் பிழிந்தால் தையல் விடும். இலவம் ஒவ்வொரு பிழிவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகும், பிடிப்பும் குறையும். மீண்டும் மிதக்காமல் சாய்கிறதென்றால் அதன் ஆயுள் முடிந்தது. டிரம்மின் அடியில் தேங்கும் தண்ணீரிலும் எண்ணெய் இருக்கும். அதைச் சாக்கடையில் விடாமல் ஒரு புதுத் தலையணையின் வழியாக வடித்த பிறகு சேகரித்து வையுங்கள்.

ஏழாம் படி: எண்ணெய்ப் பஞ்சு எங்கே போகும்

பெரும்பாலான சுத்தப்படுத்தல்கள் சொதப்புவது இங்கேதான். கரையில் குழி தோண்டிப் புதைத்தால் அடுத்த மழையில் எல்லாம் திரும்ப வரும். கொளுத்தினால் கரும்புகை ஊர் முழுக்க. நகராட்சிக் குப்பை வண்டியில் ஏற்றினால் கிடங்கில் தீப்பிடிக்க எண்ணெய் வார்த்த கதைதான்.

எண்ணெய் தோய்ந்த துணியும் பஞ்சும் 2016-ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவுகள் விதிகளின் கீழ் வருகின்றன. மூடியுள்ள டிரம்களில் அடைத்து, வெயில் படாத இடத்தில் சிமென்ட் தரைமேல் வைத்து, என்ன எண்ணெய், எந்தத் தேதி என்று எழுதி ஒட்டுங்கள். மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் அது போக வேண்டும். கும்மிடிப்பூண்டியில் இதற்கான கழிவு மேலாண்மை நிலையம் இருக்கிறது. சிமென்ட் ஆலை உலைகளிலும் எரிபொருளாகச் சேர்த்து எரிக்கிறார்கள். பிழிந்து எடுத்த எண்ணெய் சுத்தமாக இருந்தால் பதிவு பெற்ற பழைய எண்ணெய் மறுசுழற்சி ஆலைகள் வாங்கிக்கொள்ளும்.

கூடவே, வேலை தொடங்கும் முன்பே செய்ய வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கொட்டிய எண்ணெயில் 100 மில்லியை உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் எடுத்து, இறுக மூடி, இடம், நேரம், எடுத்தவர் பெயர் எழுதிக் குளிர்ந்த இருட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். எண்ணெயும் பிளாஸ்டிக்கும் ஒன்றோடொன்று கலந்து ஆய்வைக் குழப்பும். எந்தத் தொட்டியிலிருந்து, எந்தக் கப்பலிலிருந்து வந்தது என்பதை அந்த மாதிரியை வைத்து ஆய்வகத்தில் ஒப்பிட்டுச் சொல்ல முடியும். படங்களை நேரத்தோடு எடுங்கள். எத்தனை பேர் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார்கள், எத்தனை தலையணை போயிற்று, எத்தனை டிரம் நிரம்பியது என்று ஒரு நோட்டில் அன்றன்றே எழுதுங்கள். இழப்பீடு கேட்கப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை அந்த பாட்டிலும் அந்த நோட்டும்தான்.